செயலாளருக்கு எழுத ஒரு சொல் வேண்டும்

வணக்கம். ஆதம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் யாரையும் கேட்காமல் மழைநீர் சேகரிப்புக் குழியைச் சிமெண்ட் போட்டு மூடிவிட்டார். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதுகூட நினைவில்லை போலும். கண்டனக் கடிதம் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

‘அவசரக்குடுக்கை’ என்றால் ஆளையே ஏசுவதாகிவிடும். மனிதர் நல்லவர், பாவம். ‘தடாலடி’ என்று எழுதினால் பாராட்டு என்று எடுத்துக்கொள்வார், பத்திரிகைகள் அப்படிப் பழக்கிவிட்டன. ‘எடுத்தேன் கவிழ்த்தேன் என்று’ எனக்குப் பிடித்திருக்கிறது, செயலை மட்டும் சுட்டுகிறது. ஆனால் கடிதத்தில் பேச்சுவழக்காகத் தெரியுமா? ‘முன்யோசனையின்றி’ சரிதான், உப்புச்சப்பில்லை.

எதை எழுதலாம்? வேறு சொல் இருந்தால் வாக்கியத்தோடு சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முன் கடிதம் போக வேண்டும்.