உப்புவெளி வீட்டுக் குழு: சொன்ன விலைக்கு மீன் வாங்கிய அம்மம்மா

செவ்வாய், மாலை 6.10

சின்னம்மா: இன்றைக்கு ஒரு புதினம். சைக்கிளில் மீன் கொண்டுவருபவர் சொன்ன விலையை அப்படியே கொடுத்து அம்மா சூடை வாங்கினார். ஒரு சொல் பேரம் இல்லை. மீன்காரரே என்னைப் பார்த்து முழிக்கிறார்.

பெரியமாமா: அந்த மனுசனுக்கும் ஒரு நாள் நல்ல காலம் வரட்டுமே.

குகன் அண்ணா: கோணேசர் மலை அசைந்தாலும் அம்மம்மா விலையில் அசைய மாட்டாரே!

சின்னம்மா: சிரிக்காதே தம்பி. இரண்டு கிழமையாக ஆள் சரியில்லை. பகல் முழுக்க நித்திரை. குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டார். நேற்றுக் கிணற்றடியில் இருந்து வரும்போது இடது காலில் செருப்பு இல்லை. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை.

பெரியமாமா: 78 வயது தங்கச்சி. மறதி வரத்தான் செய்யும்.

சுபா மச்சாள்: மாமி, இடது காலா? நிச்சயமா?

சின்னம்மா: ஓம் பிள்ளை. இடது.

சுபா மச்சாள்: அப்பம்மா தலையிடி என்று சொன்னாரா?

சின்னம்மா: காலையில் எழும்பினால் தலையிடிதான். சளி என்று நினைத்துச் சித்தாலேப பூசி, பனடோல் கொடுக்கிறேன்.

சுபா மச்சாள்: ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்குள் எங்கேயாவது விழுந்தாரா? தலை எதிலாவது இடித்ததா?

சின்னம்மா: விழவே இல்லை.

நான்: சின்னம்மா, குசினி ஜன்னல்! வெளியே உருண்டுபோன தேசிக்காயை எடுக்கக் குனிந்தவர், நிமிரும்போது ஜன்னல் கதவின் மூலையில் உச்சந்தலையை இடித்துக்கொண்டார். போயா லீவுக்கு நான் அங்கேதான் நின்றேன். ஐந்து கிழமை இருக்கும்.

சின்னம்மா: அதுவா? பாக்கு அளவு வீக்கம், அவ்வளவுதான். இரத்தம்கூட வரவில்லை. இரவுக்கு அவரே புட்டு அவித்தாரே.

சுபா மச்சாள்: இதயத்துக்குக் கொடுத்த வோபரின், அந்த இரத்தம் உறையாமல் இருக்கிற குளிசை, இன்னும் குடிக்கிறார்தானே?

சின்னம்மா: ஒரு நாளும் தவறுவதில்லை. கிளினிக்தான் போன மாதம் தவறிவிட்டது.

சுபா மச்சாள்: சரி. இப்போதே கதிரையில் இருத்தி, இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லுங்கள். உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பத்து வரை எண்ணட்டும்.

மாலை 6.31

சின்னம்மா: செய்தோம். ஐந்து எண்ணும்போதே இடது கை மெல்ல மெல்ல இறங்குகிறது. உள்ளங்கையும் உள்ளே திரும்பிக்கொண்டது. ஆனால் கேட்டால், "கை நேராகத்தானே இருக்கு" என்கிறார். எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

சுபா மச்சாள்: 1990க்கு எடுங்கள். அம்புலன்ஸ் வரும், காசு கேட்க மாட்டார்கள். இன்றைய வோபரின் வேண்டாம், டொக்டர் பார்த்துச் சொல்லட்டும். தேத்தண்ணீரும் கொடுக்காதீர்கள். கிளினிக் கொப்பியை மறக்காமல் எடுங்கள். போனவுடன் இரண்டு விசயம் சொல்ல வேண்டும்: வோபரின் குடிப்பவர், ஐந்து கிழமைக்கு முன் தலை இடித்தது.

பெரியமாமா: பிள்ளை, ஐந்து கிழமைக்கு முன் பட்ட அடி இப்போது வந்து என்ன செய்யும்? தலையில் பலமாகப் பட்டால் அன்றைக்கே விழுந்துவிடுவார்கள்.

சுபா மச்சாள்: அப்பா, நீங்கள் சொல்வது நாடி, இதயத்தில் இருந்து வேகமாக இரத்தம் வருகிற குழாய், கிழிந்தால். நெற்றிப்பொட்டு எலும்பு மெல்லியது, அதன் உள்பக்கத்தில் ஒரு நாடி ஓடுகிறது. அது கிழிந்தால் கொஞ்ச நேரம் நன்றாகக் கதைத்துவிட்டு, சில மணித்தியாலத்தில் ஆள் மயங்கிவிடும். அப்பம்மாவுக்கு நாளமாக, இரத்தம் மெதுவாகத் திரும்பிப் போகிற குழாயாக, இருக்கலாம். வயது போகப் போக மூளை கொஞ்சம் சுருங்கும், மண்டையோடு சுருங்காது. மூளைக்கும் அதைச் சுற்றிய உறைக்கும் நடுவே போகிற சிறு நாளங்கள் இழுபட்டு நிற்கும். அப்போது சின்ன இடி போதும். இரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசியும். உள்ளே இடம் இருப்பதால் ஆரம்பத்தில் ஒன்றும் காட்டாது. கிழமைக்கணக்கில் சேர்ந்துதான் மூளையை அமத்தும். வோபரின் குடிப்பவருக்கு அந்தக் கசிவு லேசில் நிற்காது.

பெரியமாமா: வெளியே காயமே இல்லையே.

சுபா மச்சாள்: வெளிக்காயத்தை வைத்து உள்ளே நடப்பதைச் சொல்ல முடியாது அப்பா. இடது பக்கம் சோர்கிறது என்றால் மூளையின் வலது பக்கத்தைப் பார்க்க வேண்டும். பக்கவாதமாகவும் இருக்கலாம். எதுவென்றாலும் ஸ்கான்தான் சொல்லும், வீட்டில் இருந்து கணக்குப் பார்க்க நேரமில்லை.

மாலை 6.52

சின்னம்மா: அம்புலன்ஸ் வந்துவிட்டது. ஏறுகிறோம்.

நான்: நான் ஓர்ஸ் ஹில்லில் இருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறேன்.

சுபா மச்சாள்: ஹெல்மெட் வாரைப் பூட்டிக்கொண்டு ஓடு. சும்மா கவிழ்த்து வைத்தால் விழும்போது முதலில் கழன்று போவது அதுதான்.

இரவு 8.40

குகன் அண்ணா: பேரம் பேசாததும் இதனால்தானா மச்சாள்? ஒன்று வாசித்தேன். 1848இல் அமெரிக்காவில் ரயில் பாதை வேலை செய்த ஃபினியாஸ் கேஜ் என்பவருக்கு, வெடிமருந்து வெடித்து, ஒரு மீட்டருக்கு மேல் நீளமான இரும்புக் கம்பி கன்னத்தால் புகுந்து உச்சியால் போயிருக்கிறது. ஆள் பிழைத்து இன்னும் 11 வருடம் இருந்தார். ஆனால் குணம் மாறிவிட்டது, இவர் பழைய கேஜ் இல்லை என்று கூட்டாளிகள் சொன்னார்களாம்.

பெரியமாமா: தம்பி, இந்த நேரத்தில் சொல்கிற கதையா இது?

சுபா மச்சாள்: கம்பிக் கதை இருக்கட்டும் மச்சான். ஆனால் நீங்கள் கேட்டது சரி. மூளையின் முன்பக்கம் அமத்துப்பட்டால் ஆள் சத்தம் போடுவதில்லை, ஆர்வம் விட்டுப் போய்விடும். வீட்டில், "அம்மா இப்போது சாந்தமாகிவிட்டார்" என்று சந்தோசப்படுவார்கள்.

சின்னம்மா: நானும் அப்படித்தான் நினைத்தேன் பிள்ளை.

இரவு 10.15

நான்: ஸ்கான் எடுத்தாயிற்று. வலது பக்கம் இரத்தம். டொக்டர் படத்தைக் காட்டினார்: மண்டையோட்டின் உள்பக்கமாகப் பிறை மாதிரி ஒரு கறுப்பு. புது இரத்தம் படத்தில் வெள்ளையாகத் தெரியுமாம், பழசானால்தான் இப்படிக் கறுக்குமாம். ஐ.என்.ஆர்., இரத்தம் உறைய எவ்வளவு சுணங்குகிறது என்கிற கணக்கு, வோபரின் குடிப்பவருக்கு 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டியது, 4.6. விற்றமின் கே ஏற்றுகிறார்கள். இரத்தம் உறையும் நிலைக்கு வந்தவுடன் சத்திரசிகிச்சைக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

பெரியமாமா: மண்டையைத் திறப்பார்களா?

சுபா மச்சாள்: இல்லை அப்பா. பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ துளைதான், ஒரு ரூபாய்க் குற்றியைவிடச் சிறியது. தேங்கினது இப்போது தண்ணியாகி, உங்கள் வள்ளத்து எஞ்சினில் மாற்றுகிற பழைய ஒயில் மாதிரி இருக்கும். அதைக் கழுவி எடுத்து, ஒரு குழாய் வைத்து விடுவார்கள்.

வியாழன், மதியம் 12.20

சின்னம்மா: முடிந்தது. கண் திறந்துவிட்டார். இடது கையால் என் விரலைப் பிடித்தார், முந்தநாளைவிட இறுக்கம். தலைக்குக் கீழே குழாய் தொங்குகிறது. தலையை உயர்த்தாமல் படுக்க வேண்டுமாம், அதற்கு மட்டும் கேட்கிறார் இல்லை.

சுபா மச்சாள்: ஒரு நாள், இரண்டு நாளில் குழாயை எடுப்பார்கள். திரும்பவும் தேங்கலாம், பத்துப் பேரில் ஒருவர் இருவருக்கு வருவதுண்டு. வீட்டுக்கு வந்த பிறகும் கை நீட்டச் சொல்லிப் பாருங்கள் மாமி. வோபரின் எப்போது தொடங்குவது என்று அவர்கள் சொல்லும்வரை ஒரு குளிசையும் தொட வேண்டாம்.

பெரியமாமா: குசினி ஜன்னல் கதவை உள்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றத் தச்சரிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வருவார்.

சின்னம்மா: அண்ணா, அம்மா கேட்கிறார், அந்தச் சூடைக்கு எவ்வளவு கொடுத்தது என்று.

பெரியமாமா: சொல்லாதே. குழாய் கழன்றுவிடும்.

சின்னம்மா: சொல்லிவிட்டேன். தம்பி, இரவுக்கு நிற்க வரும்போது அம்மாவின் செருப்பையும் கொண்டு வா. பின்னால் வார் உள்ளது, கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. இடது வாரில் ஊசி குத்தியிருக்கும், கவனம்.