பழைய வீட்டுப் பழக்கத்தோடு வந்த பாம்பு

வேறு யாரோ வளர்த்த பெரிய பாம்பை வாங்கிக்கொண்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் கதை இது. நான் இருப்பது பர்மிங்காமில். போன அக்டோபரில் ஒரு ராயல் பைத்தான் வீட்டுக்கு வந்தது, ஒரு வகை மலைப்பாம்பு. அமெரிக்காவில் பால் (ball, அதாவது பந்து) பைத்தான் என்பார்கள், அதேதான். வயது ஒன்பது, எடை 1,450 கிராம். படிப்பு முடிந்து வேறு ஊருக்குப் போகிற ஒரு மாணவர் கொடுத்தார். கண்ணாடித் தொட்டி, அடியில் வைக்கும் ஹீட் மேட் (சூடு தரும் விரிப்பு), உறைய வைத்த எலிகள் ஒரு பை என்று சீர்வரிசை மாதிரி எல்லாம் கூடவே வந்தன. "பெண் பாம்பு. பேர் பிஸ்கட். வாரம் ஒரு எலி. ஒரு தடவைகூட வேண்டாம்னு சொன்னதில்லை" என்றார்.

அவர் சொன்னதில் கடைசியில் உண்மையாக மிஞ்சியது பேர் மட்டும்தான். அதுவும் பாம்புக்குப் புரியப்போவதில்லை.

முதல் தப்பு என்னுடையது. வந்த அன்றே வெளியே எடுத்து நண்பர்களுக்குக் காட்டினேன். அது பந்து மாதிரி சுருண்டு தலையை நடுவில் புதைத்துக்கொண்டது. அதற்கு 'பால்' என்று பேர் வந்ததே இதனால்தான். பயத்தில் செய்வது அது, கொஞ்சல் இல்லை. குறைந்தது ஒரு வாரமாவது கை வைக்காமல் விட்டிருக்க வேண்டும்.

அப்புறம் டார்ச் அடித்து உடம்பைப் பார்த்தேன். வயிற்றுச் செதிலில் பழைய சூட்டுத் தழும்பு. ஹீட் மேட்டை தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமலே இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறார். வால் நுனியில் பழைய சட்டை வளையமாக ஒட்டிக்கிடந்தது. அப்படியே விட்டால் ரத்த ஓட்டம் நின்று நுனி கருகிவிடும். ஈரப் பாசி போட்ட டப்பாவுக்குள் ஒளிந்துகொள்ள விட்டேன், அடுத்த உரிப்பில் தானாகக் கழன்றது. தெர்மோஸ்டாட் அன்றைக்கே வாங்கிவிட்டேன். சூடான பக்கம் 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25. இரண்டு பக்கமும் ஒளிய இடம்.

இதெல்லாம் சுலபம். சாப்பாடுதான் பெரிய கதை.

நவம்பரில் எலியை வெதுவெதுப்பாக்கி இடுக்கியால் நீட்டினேன். திரும்பிக்கொண்டது. அடுத்த வாரமும் அப்படியே. சின்ன எலி, பெரிய எலி, வெள்ளை எலி, கறுப்பு எலி, சுண்டெலி எல்லாம் பார்த்தாயிற்று. டிசம்பர், ஜனவரி. நான் கலங்கிப்போய் வாரத்துக்கு ஒருமுறை தொட்டியையே மாற்றி அடுக்கினேன். அதனால் அதற்கு இன்னும் கலக்கம்தான் என்று இப்போது புரிகிறது. பாம்பு வாங்கியதற்கு ஒரு வாரம் என்னோடு பேசாத அம்மா, பொங்கலுக்கு போன் பண்ணி முதலில் கேட்டது, "அது சாப்பிட்டுச்சாடா?" இல்லை என்றதும், "கொஞ்சம் பால் வச்சுப் பாரேன்." புற்றுக்குப் பால் ஊற்றி வளர்ந்த வீடு, வேறென்ன சொல்வார். பாம்பு பாலைத் தேடிக் குடிக்கிற பிராணி இல்லை, செரிக்கவும் செரிக்காது என்று சொன்னேன். நம்பினாரா தெரியாது.

பிப்ரவரியில், ஊர்வன பார்க்கத் தெரிந்த ஒரு கால்நடை மருத்துவரிடம் போனேன். மழுங்கிய மெல்லிய கம்பியால் சோதித்துவிட்டு, "இது ஆண்" என்றார். ஆண் ராயல் பைத்தான் இனப்பெருக்கக் காலத்தில் மாதக்கணக்கில் பட்டினி கிடப்பது சகஜமாம். எடை 1,380. நாலு மாதத்தில் 70 கிராம் குறைவு, பயப்பட ஒன்றுமில்லை. வளர்ந்த பாம்புக்கு வாரம் ஒன்று என்பதே அதிகம் என்றார்.

அன்று ராத்திரி பாம்பைக் கொடுத்த மாணவரை அழைத்து, நீங்கள் எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். அக்டோபரிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: குளிர்காலத்தில் அது எப்போதும் சாப்பிடாது, சொன்னால் நீங்கள் வாங்காமல் போய்விடுவீர்களோ என்று சொல்லவில்லை. இடுக்கியும் பிடிக்காது. விளக்கை அணைத்துவிட்டு, எலியின் தலையை மட்டும் ஹேர் டிரையரில் சூடாக்கி, ஒளிவிடத்து வாசலில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும்.

மார்ச் இரண்டாவது வாரம் அப்படியே வைத்தேன். காலையில் எலி இல்லை. தொட்டிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பது வயது என்றால் கிழடு என்று நினைக்க வேண்டாம். 20, 30 வருடம் இருக்கும். செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் 60 வயது தாண்டிய ஒன்று 2020-இல் முட்டையே போட்டது.

*

மெல்போர்னிலிருந்து இன்னொருவர்:

எனக்கு வந்தது கார்பெட் பைத்தான், இந்த நாட்டு மலைப்பாம்பு வகை. இங்கே வெளிநாட்டுப் பாம்பு வளர்க்கவே கூடாது, உள்நாட்டு இனத்துக்கும் உரிமம் எடுக்க வேண்டும். என் கதையில் பழைய வீட்டில் தொட்டிக் கதவைத் திறப்பதே சாப்பாட்டுக்கு மட்டும்தானாம். அதனால் நான் தண்ணீர் மாற்றக் கதவைத் திறந்ததும் கட்டைவிரலில் பாய்ந்தது. வலியைவிட அதிர்ச்சிதான் அதிகம். இப்போது முதலில் கம்பிக் கொக்கியால் உடம்பை லேசாகத் தொடுவேன். தொட்டால் சாப்பாடு இல்லை என்று அதற்குப் பழகிவிட்டது. ஒன்றரை மாதம் ஆனது.

*

முதல் பதிவர்:

கோயம்புத்தூரில் வளர்க்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: நம்மூர் மலைப்பாம்பு, சாரை எதுவும் கூடாது, 1972 வனவிலங்குச் சட்டம். ராயல் பைத்தான் மாதிரி வெளிநாட்டு இனம் என்றால், 2024-இல் வந்த விதிப்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும். காகிதம் இல்லாமல் யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அம்மா ஜூனில் வருகிறார். தொட்டி இருப்பது விருந்தினர் அறையில். இன்னும் சொல்லவில்லை.