நெமாஸ்பிஸுக்குத் தமிழ்ப் பேர்: குறும்பல்லின்னு வச்சா என்ன?

வணக்கம் நண்பர்களே,

மேற்குத்தொடர்ச்சி மலைல இருக்கிற நெமாஸ்பிஸ் (Cnemaspis) சின்னச் சின்னப் பல்லிங்க சேர்ந்த ஒரு பேரினம், அதாவது நெருங்கின இனங்களோட தொகுப்பு. அதுக்குத் தமிழ்ப் பேர் என்ன வைக்கலாம்னு இந்த இழைல பேசிட்டிருக்கோம். நேத்து ராத்திரி வரைக்கும் வந்த மடல் எல்லாத்தையும் உக்காந்து படிச்சேன், நாலு பேர் வந்திருக்கு, பகல்பல்லி, குள்ளப்பல்லி, பாறைப்பல்லி, அப்புறம் நெமாஸ்பிஸ்ங்கிற சொல்லோட கிரேக்க வேரை கணைக்கால், கேடயம்னு பிரிச்சு எடுத்த கணைக்கவசப்பல்லி. பின்பாதி பல்லின்னே இருக்கட்டும்ங்கிறதுல யாருக்கும் சண்டை இல்ல, அது சரிதான், ஏன்னா இங்கிலீஷ்காரங்க லிசர்ட்னு ஒரே மூட்டையா கட்டுறதை நம்ம ஆளுங்க பல்லி, ஓணான், அரணை, உடும்புன்னு எப்பவோ தனித்தனியா பிரிச்சு வச்சுட்டாங்க, அந்தப் பிரிவு இன்னைக்கு விலங்கியல் சொல்ற குடும்பங்களோட பெரும்பாலும் ஒத்துப்போகுது. சிக்கல் முன்பாதிலதான்.

> பகல்ல நடமாடுது, கண்மணி வட்டமா இருக்கு, அப்ப பகல்பல்லிதானே பொருத்தம்?

கண்மணி வட்டம்ங்கிறது உண்மை. வீட்டுப் பல்லிக்கு வெளிச்சத்துல கண்மணி செங்குத்தா கீறல் மாதிரி சுருங்கிடும், இதுக்கு வட்டமாவே இருக்கும். நீலகிரில ரோட்டோரக் கல்சுவர்ல பட்டப்பகல்லயே பார்த்திருக்கேன், பழுப்பும் சாம்பலுமா பாசி படிஞ்ச கல்லு நிறத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கும், நாம ரெண்டடி நெருங்கினா இடுக்குக்குள்ள நழுவிடும். ஆனா பகல்பல்லிங்கிற பேருக்கு ஏற்கனவே ஒரு சொந்தக்காரர் இருக்கார், மடகாஸ்கர்ல இருக்கிற பச்சை நிற ஃபெல்சூமா. மடகாஸ்கர் தூரம்தானேன்னு விட முடியாது, அதே ஃபெல்சூமால ஒரு இனம் நம்ம அந்தமான்லயே இருக்கு. நாளைக்கு இந்தியப் பல்லிகளைப் பத்தித் தமிழ்ல ஒரு கையேடு வந்தா ரெண்டும் ஒரே புத்தகத்துல மோதும்.

குள்ளப்பல்லிலயும் அதே மோதல்தான், ஆப்பிரிக்காவுல இருக்கிற லைகோடாக்டைலஸுக்கு உலகம் முழுக்க அந்தப் பேர்தான் ஓடுது. இன்னொன்னு, எனக்கு அந்தச் சொல்லே மனசுக்கு ஒப்பலை, ஆளைப் பார்த்து ஏளனமா சொல்ற சொல்லை ஒரு உயிருக்கு நிரந்தரமா ஒட்ட வேண்டாம். பாறைப்பல்லின்னா பாறைல இருக்கிற ஹெமிடாக்டைலஸ் (வீட்டுப் பல்லியோட பேரினம்) எல்லாம் சண்டைக்கு வரும், அதோட மரத்துலயும் கட்டடச் சுவர்லயும் இருக்கிற நெமாஸ்பிஸ் உண்டு.

இப்ப கணைக்கவசத்துக்கு வர்றேன், இதுலதான் எனக்கு நிறையச் சொல்லணும்.

> கணைக்கால் இரும்பொறைன்னு சேரன் பேர்லயே இருக்கிற சொல், கணைக்கவசம் தமிழுக்கு அந்நியம் இல்லையே?

சொல் அழகுதான், மறுக்கலை. ஆனா அந்தக் கிரேக்கப் பேரே நம்ம பல்லிக்கு நிலைக்குமாங்கிறதுதான் கேள்வி. 1887-ல விலங்கியலாளர் ஸ்ட்ராவுக் இந்தப் பேரினத்தை உண்டாக்கினப்ப அவர் கையில இருந்தது வியட்நாம் பக்கம் கோன் டாவ் தீவுல கிடைச்ச ஒரு பல்லி, பேருக்கு மூல இனம், அதாவது பேரினப் பேர் எந்த இனத்தோட கட்டுண்டு இருக்கோ அது, இன்னைக்கும் அதுதான். அப்புறம் உருவம் ஒத்துப்போகுதுன்னு ஆப்பிரிக்கா, இந்தியா-இலங்கை, தென்கிழக்கு ஆசியான்னு மூணு பக்கப் பல்லியையும் இதுக்குள்ள போட்டுட்டாங்க. மரபணுவை வச்சுப் பார்த்தா மூணும் ஒரே கிளை இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு, விரல்ல ஒட்டும் பட்டை இல்லாம நகத்தை மட்டும் நம்பி ஏறுற இந்த உடம்பு தனித்தனியா உருவாகியிருக்கு. ஆப்பிரிக்கப் பல்லிகளை 2022-ல ஏற்கனவே வேற பேரினத்துக்கு மாத்தியாச்சு. பேர் யாருக்குன்னு வந்தா மூல இனம் இருக்கிற தென்கிழக்கு ஆசியக் கிளைக்குத்தான் போகும், நம்ம மேற்குத்தொடர்ச்சி மலைக் கூட்டத்துக்கு ஒருநாள் புதுப் பேர் வர வேண்டியிருக்கும். அன்னைக்கு நாம கஷ்டப்பட்டு மொழிபெயர்த்த கவசம் வியட்நாமுக்குப் போயிடும், நம்ம பல்லி பேர் இல்லாம நிக்கும். அதனால உயிரியைப் பார்த்துப் பேர் வைப்போம், அதோட லத்தீன் பட்டயத்தைப் பார்த்து வேண்டாம்ங்கிறது என் கட்சி.

உயிரியைப் பார்த்தா முதல்ல கண்ணுல படுறது சிறுசுங்கிறதுதான். மூக்கு நுனில இருந்து கழிவாய் வரைக்கும் நிறைய இனம் 30-40 மில்லிமீட்டர்தான், 50-ஐத் தாண்டுறதும் சிலது உண்டு. அதனால குறும்பல்லின்னு முன்வைக்கிறேன். குறும்பூழ், குற்றாலத்துக் குறும்பலா, இப்ப வந்த குறும்படம், எல்லாத்துலயும் குறும் இயல்பா உக்காந்திருக்கு, ஏளனமும் இல்ல. குறும்புன்னு தப்பா படிப்பாங்கன்னு ஒருத்தர் பயப்படலாம், குறும்படத்தை யாரும் அப்படிப் படிக்கிறது இல்லையே.

மலைக்குறும்பல்லின்னு நீட்டலாமான்னு கேட்டவருக்கு: பேரினத்துக்கு மலை வேண்டாம், மேற்குக் கடற்கரை ஓரத் தாழ்நிலத்துல இருக்கிற லிட்டோராலிஸ்ங்கிற இனமும் இதே கூட்டம்தான். 2024-ல ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிடைச்ச வான்கோகிங்கிற இனம் 250-400 மீட்டர் உயரத்துல அடிவாரக் காட்டுல இருக்குது, ஆணோட மஞ்சள் தலையும் முதுகுல வெளிர்நீலப் புள்ளியும் ஓவியர் வான்கோவை ஞாபகப்படுத்துதுன்னு அந்தப் பேர். கூடவே அறிவிச்ச இன்னொரு இனத்துக்குச் சதுரகிரியோட பேர். இதுங்க காலைலயும் சாயங்காலமும் குளிர்ச்சியா இருக்கிற நேரத்துலதான் அதிகம் வெளிய வருது, பகல்பல்லி வேண்டாம்னு சொல்ல இது இன்னொரு காரணம்.

ஆனா மலைங்கிற சொல் வேற இடத்துல தேவைப்படுது. இங்கிலீஷ்ல ஸ்கை ஐலண்டுங்கிறதுக்கு வான்தீவுன்னு ஒருத்தர் எழுதியிருந்தார், எனக்கு மலைத்தீவுதான் பிடிச்சிருக்கு, வான்தீவுன்னா மேகம்னு நினைச்சுக்குவாங்க. ஒரு மலை உச்சில ஈரமும் குளிரும் இருக்கு, அடுத்த மலை உச்சிலயும் இருக்கு, நடுவுல பாலக்காட்டுக் கணவாய் மாதிரி, செங்கோட்டைக் கணவாய் மாதிரி சூடான வறண்ட தாழ்நிலம், விரல் நீளப் பல்லிக்கு அது கடல்தான். ஒரு கல்லிடுக்குல ரெண்டு முட்டை போட்டு அந்தப் பாறையைச் சுத்தியே வாழ்ற உயிர் அதைத் தாண்டாது, லட்சக்கணக்கான வருஷம் பிரிஞ்சு கிடந்து மலைக்கு ஒரு இனமா ஆயிடுது. 2021-ல ஒரே ஆய்வுக் கட்டுரைல மேற்குத்தொடர்ச்சி மலைல இருந்து 12 புது இனம் வந்தது இதனாலதான். ஒரு குன்றை உடைச்சு ஜல்லி ஆக்கினா ஒரு இனமே போயிடலாம்ங்கிறதும் இதனாலதான், பேர் சீக்கிரம் முடிவாகணும்னு நான் அவசரப்படுறதும் அதுக்காகத்தான்.

இனப் பேர்ல ஒரு முடிச்சு மட்டும் பாக்கி. 1846-ல விலங்கியலாளர் கிரே பேர் வச்ச இண்டிகாங்கிற இனத்தை இந்தியக் குறும்பல்லின்னு மொழிபெயர்த்தா இந்தியா முழுக்க இருக்குன்னு அர்த்தம் வரும், அது நீலகிரி மேட்டுநிலத்துல, உதகை மாதிரி 2200 மீட்டர் உயரத்துலயும் குளிர் தாங்கி வாழ்றது. நீலகிரிக் குறும்பல்லின்னு சொல்லலாம்னா 2007-ல நீலகிரிகான்னே வேற ஒண்ணுக்குப் பேர் வச்சுட்டாங்க. நான் நீலகிரிகாவுக்கு நீலகிரிக் குறும்பல்லி, இண்டிகாவுக்கு உதகைக் குறும்பல்லின்னு எழுதி வச்சிருக்கேன். சோலைக் குறும்பல்லின்னும் யோசிச்சேன், ஆனா சோலைக்காட்டுல வேற இனமும் இருக்கே. உதகையை விடப் பொருத்தமா மேட்டுநிலத்தைக் குறிக்கிற சொல் யார்கிட்டயாவது இருந்தா, படுகர், தோடர் மொழில அந்தப் பல்லிக்கோ இடத்துக்கோ புழங்குற பேர் தெரிஞ்சாலும், இதே இழைல எழுதுங்க, பட்டியல்ல மாத்திடுறேன்.