லெஃப்ட் 4 டெட் 2: எக்ஸ்பர்ட்டில் சர்க்கரை ஆலையைத் தாண்ட முடியவில்லை

அரைமெட்கிட்:
நால்வர் சேர்ந்து ஜாம்பிகளைச் சுட்டுத் தப்பிக்கும் இந்த வீடியோ கேமை ஆடுகிற நாங்கள் நான்கு பேர். நான், தம்பி, பெரியம்மா மகன், அப்புறம் மச்சான். 'ஹார்ட் ரெயின்' கதையின் இரண்டாவது கட்டமான சர்க்கரை ஆலையில், மிகக் கடினமான எக்ஸ்பர்ட் நிலையில், ஆறு இரவாக மாட்டிக்கொண்டு கிடக்கிறோம். ஒரு படி எளிதான அட்வான்ஸ்டில் ஒரே இரவில் முடித்த அதே இடம்!

ஒவ்வொரு முறையும் ஒரே கதைதான். எங்கோ விட்ச் (சீண்டினால் பாய்ந்து தாக்கும் பெண் ஜாம்பி) அழும் சத்தம் கேட்கும். எந்தப் பக்கம் என்று நாங்கள் காதைத் தீட்டுவதற்குள் மச்சான் டார்ச்சோடு மூலை திரும்பியிருப்பான். ஒரு அலறல், ஆள் காலி. நேற்று மீதி மூன்று பேர் லிஃப்ட் வரை போனோம். அங்கே சார்ஜர் என்ற பெரிய ஜாம்பி ஒன்று தம்பியைத் தூக்கிப் போய்த் தரையில் அடிக்க, காப்பாற்றுகிறேன் என்று ஷாட்கன்னால் நான் சுட்டதில் பாதி தம்பிக்கே விழுந்தது. இன்னும் அவன் என்னிடம் சரியாகப் பேசவில்லை. துப்பாக்கியை மாற்றுவதா, ஆளை மாற்றுவதா?

ஓரக்கண்:
ஆளை மாற்றினால் வீட்டில் சோறு கிடைக்காது. துப்பாக்கியை மாற்றுங்கள்.

நாலாவது ஆள்:
இரண்டுமே வேண்டாம். நடக்கிற வரிசையை மாற்றிப் பாருங்கள். எங்கள் குழுவிலும் ஒரு ஓட்டக்காரர் இருந்தார். அது நான்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

அட்வான்ஸ்ட் பழக்கம்தான் உங்களைக் கொல்கிறது. அங்கே சாதாரண ஜாம்பி ஒரு அடி அடித்தால் 100 உயிரில் 5 போகும். எக்ஸ்பர்ட்டில் 20. ஐந்து அடி வாங்கினால் ஆள் கீழே. கூட்டாளி குண்டு நார்மலில் 10 சதவீதம்தான் வலிக்கும், எக்ஸ்பர்ட்டில் 50. அதாவது உங்கள் தம்பிக்கு நீங்களும் ஒரு ஜாம்பிதான்.

முன்னால் போகிற இருவரும் சுடும்போது குனிந்துகொள்ளட்டும், பின்னால் இருப்பவர்கள் தலைக்கு மேலே சுடலாம். இதைச் செய்ய ஆரம்பித்த அன்றே எங்கள் சண்டை பாதி நின்றது. சார்ஜர் ஒருவரை அடித்துக்கொண்டிருந்தால் ஷாட்கன்னைத் தூக்காதீர்கள். பக்கவாட்டில் போய்ப் பிஸ்டலாலோ ரைஃபிளாலோ அவன் தலையைப் பாருங்கள். ஆள் பெரியவன், தலை உயரத்தில் இருக்கும்.

மச்சானை மூன்றாவது இடத்தில் போடுங்கள். கடைசியில் விட்டால் சலித்துப்போய் வேறு வழி தேடுவான் (நான் தேடினேன்). அழுகை கேட்டதும் எல்லோரும் நிற்க வேண்டும், டார்ச்சை அணைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் அவளுக்குக் கோபம் சீக்கிரம் ஏறும். அந்த ஆலையில் விட்ச்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பதில்லை, நடமாடுவார்கள். ஆகவே போன ஆட்டத்தில் இங்கே இருந்தாள் என்ற கணக்கு உதவாது. அவள் தள்ளிப் போகும்வரை அரை நிமிடம் சும்மா நில்லுங்கள். சும்மா நிற்பதுதான் இந்த விளையாட்டிலேயே கஷ்டமான வேலை.

லிஃப்ட் பொத்தானைத் தொடும் முன் மெட்கிட் (முதலுதவிப் பெட்டி) கணக்கு பாருங்கள். இழந்த உயிரில் 80 சதவீதத்தைத்தான் அது திருப்பித் தரும். 70 இருக்கும்போது கட்டினால் 94 ஆகும், 20 இருக்கும்போது கட்டினால் 84. அவசரப்பட்டு 70-இல் கட்டுகிறவர் குழுவின் சொத்தை அழிக்கிறார். ஆனால் 40-க்குக் கீழே போனால் நொண்ட ஆரம்பிப்பீர்கள், லிஃப்டைத் தாண்டி வரும் கரும்புக்காட்டில் நொண்டுகிறவருக்காக எல்லோரும் காத்திருக்க வேண்டிவரும். அதுவரை மாத்திரையில் ஓட்டுங்கள்.

ஓரக்கண்:
விட்சுக்குக் காத்திருக்கவே வேண்டாம். பம்ப் ஷாட்கன்னோடு பக்கத்தில் போய்த் தலையில் ஒரே வெடி. அவளுக்கு 1000 உயிர்தான்.

நாலாவது ஆள்:
பத்தில் எட்டு முறை விழுவாள் என்றே வைத்துக்கொள்வோம். எக்ஸ்பர்ட்டில் அவள் கை பட்டால் கீழே விழுவதெல்லாம் இல்லை, நேரே சாவு. அங்கே ஒரு விட்சா இருக்கிறாள்?

அரைமெட்கிட்:
நேற்றிரவு முடித்துவிட்டோம்! மச்சான் மூன்றாவது இடத்தில் முனகிக்கொண்டே வந்தான். லிஃப்டுக்கு முன்னால் ஒரு விட்ச் எங்களைத் தாண்டிப் போகும்வரை நால்வரும் இருட்டில் குனிந்திருந்தோம், மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. கரும்புக்காட்டில் ஜாக்கி என்ற குள்ள ஜாம்பி ஒன்று என் தலையில் ஏறி இழுத்துக்கொண்டு போனபோது ஒரே குண்டில் அதை இறக்கியது தம்பி. "இப்போ சமம்" என்றான்.

அடுத்த கட்டம் புயலில் அதே வழியே திரும்பி வர வேண்டுமாமே?

நாலாவது ஆள்:
ஆமாம். காட்டில் தண்ணீர் வேறு நிற்கும், கால் எழாது. மச்சானை அதே இடத்தில் வையுங்கள்.