வடக்குத்தெரு வீடு

ராமு: வெள்ளிக்கிழமை அப்பா திதி. வியாழன் இரவே வந்துவிடுங்கள். அக்காவும் மாலாவும் மறக்காமல் ஆதார், இரண்டு போட்டோ கொண்டு வரவும்.

மாலா: திதிக்கு எதற்கு ஆதார்? ஐயர் கேட்கிறாரா?

ராமு: மதியம் ரிஜிஸ்டர் ஆபீசில் ஒரு விடுதலைப் பத்திரம். வெறும் சம்பிரதாயம்தான். பட்டாவை என் பேருக்கும் கணேசன் பேருக்கும் மாற்ற வேண்டும்.

செல்வி: நேற்று போனில் அரைமணி நேரம் பேசினாய், இதைச் சொல்லவே இல்லையே தம்பி.

சாந்தி அண்ணி: வாழைக்காய் பொரியலா, கூட்டா? இலை எத்தனை?

சித்தப்பா: தாலுகா ஆபீசில் முப்பத்தோரு வருஷம் இருந்தவன் சொல்கிறேன். விடுதலைப் பத்திரம் என்றால் தன் பங்கை விட்டுக்கொடுப்பது. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டுச் சட்டம், கலைஞர் ஆட்சியில் வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கில்லை. செல்விக்கு 84, மாலாவுக்கு 92. ஆகவே அந்தக் கணக்கில் மாலாவுக்கு உண்டு, செல்விக்கு இல்லை.

செல்வி: நான்தான் படிக்கிறேன் படிக்கிறேன் என்று அழுதேனே. கேட்டீர்களா யாராவது?

சித்தப்பா: இரும்மா, முடிக்கவில்லை. 2005 செப்டம்பர் 9-இல் மத்திய சட்டத்தை, அதாவது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தை, திருத்தினார்கள். எப்போது கல்யாணம் என்ற கேள்வியே அதில் கிடையாது. அண்ணன் 98-லேயே போய்விட்டாரே என்பீர்கள். 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கும் பதில் சொல்லிவிட்டது. அப்பா அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, உரிமை பெண் பிறந்தபோதே வந்தது. இது வயலுக்கு. வீடு அண்ணன் சுயசம்பாத்தியம், உயிலும் இல்லை. அதில் 1956 சட்டப்படியே உங்கள் அம்மாவையும் சேர்த்து ஆளுக்கு ஐந்தில் ஒன்று.

மாலா: ஐந்தில் ஒன்று!

ராமு: 2001-லேயே பாகம் பிரித்தாயிற்று சித்தப்பா. மேலவயல் எனக்கு, ஆற்றங்கரை கணேசனுக்கு.

சித்தப்பா: பத்திரம்?

ராமு: வாய்ப்பேச்சுதான். ஊரே சாட்சி.

சித்தப்பா: அந்த 2005 திருத்தப்படி 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பத்திரம் வேண்டும், இல்லையென்றால் கோர்ட் டிக்ரி. வாய்ப்பேச்சை லேசில் ஏற்கமாட்டார்கள்.

கணேசன்: போர் போட்ட செலவு யாருடையது என்றும் யாராவது எழுதுங்கள்.

சாந்தி அண்ணி: நாற்பது பவுன் போட்டுத்தானே அனுப்பினோம்.

மாலா: இருபத்திரண்டு அண்ணி. அதிலும் அட்டிகை உங்கள் வளைகாப்புக்கு வந்தது, இன்னும் திரும்பவில்லை.

சாந்தி அண்ணி: இலை எத்தனை என்று கேட்டேன்.

சித்தப்பா: நகை போட்டதால் பங்கு போய்விடாது. விடுதலை எழுதுவது அவரவர் விருப்பம். பதிந்துவிட்டால் மீட்பது கஷ்டம்.

கணேசன்: இவ்வளவு தெரிந்த நீங்கள் சுதாவுக்கும் கீதாவுக்கும் என்ன எழுதினீர்கள்?

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தப்பா: அது வேறு விஷயம். அவர்கள் பேரில் டெபாசிட் இருக்கிறது.

சுதா: எந்த டெபாசிட் அப்பா?

செல்வி: எனக்கு வயல் வேண்டாம் தம்பி. சம்பிரதாயம் என்று சொன்னாய் பார், அதுதான்.

ராமு: அக்கா, போனை எடு.

மாலா: எடுக்காதே அக்கா. பத்திர நகலை இங்கே போடுங்கள் அண்ணா, படித்துவிட்டுச் சொல்கிறோம்.

ராமு: சரி, வெள்ளி வேண்டாம். அப்புறம் பார்ப்போம்.

கணேசன்: எழுத்தருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்றே?

மாலா: அம்மாவைக் கேட்டீர்களா?

சாந்தி அண்ணி: அத்தை தூங்குகிறார்கள். பதினெட்டு இலை வைத்துக்கொள்கிறேன்.

செல்வி: பத்தொன்பது. இந்த முறை இவரும் வருகிறார்.