கலண்டர் அடித்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், என்னுடையது இது

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் மாமாவின் கடைக்கு 2025 கலண்டரை நான்தான் வடிவமைத்தேன். ஏ3 அளவு, மாதத்துக்கு ஒரு தாள், மொத்தம் 300 பிரதி. படங்களில் அவ்வளவு ஆசை வைத்திருந்தேன்: நல்லூர்க் கோபுரம், காரைநகர் கசூரினா கடற்கரை, வல்லை வெளி. தாளில் முக்கால்வாசியைப் படமே எடுத்துக்கொண்டது. தேதிக் கட்டங்களைக் கீழே ஒதுக்கிவிட்டேன்.

ஜனவரி முதலாம் தேதி வீட்டுச் சுவரில் கொழுவினோம். அம்மம்மா தன் கதிரையில் இருந்தபடியே பார்த்துவிட்டு, "தம்பி, இதில போயா எது?" என்று கேட்டார். எழும்பி வந்து கிட்ட நின்று பார்த்தும் அவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் போயா நாளுக்கு, அதாவது பௌர்ணமி விடுமுறைக்கு, மெல்லிய மஞ்சள் வட்டம் போட்டிருந்தேன், திரையில் பளிச்சென்று இருந்த அந்த மஞ்சள் வெள்ளைத் தாளில் இருக்கிற இடமே தெரியாமல் போயிருந்தது. எனக்கு மனம் விட்டுப்போயிற்று. வருடம் முழுக்க அந்தச் சுவரில் தொங்கப்போவது அது.

மார்ச்சில் இன்னொரு பிழை வெளிவந்தது. எல்லா மாதத்துக்கும் ஐந்து வரிசைதான் வைத்திருந்தேன். சனிக்கிழமை தொடங்கிய மார்ச்சுக்கு ஆறு வரிசை வேண்டும், நான் 23ஐயும் 30ஐயும் ஒரே கட்டத்துக்குள் நெருக்கிவிட்டேன். அம்மா பால் கணக்கை எழுதுவது அந்தக் கட்டத்துக்குள்தான், எழுத இடமில்லை. அதோடு மினுக்கமான தாள் வேறு, பேனை மை காயாமல் கையில் ஒட்டியது.

2026க்கு எல்லாவற்றையும் மாற்றினேன். ஞாயிறில் தொடங்கும் கட்டமென்றால் அந்த வருடம் மே, ஓகஸ்ட் இரண்டுக்கும் ஆறு வரிசை, பெப்ரவரிக்குச் சரியாக நான்கு. அதனால் ஆறு வரிசைக்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் படத்தின் அளவையே தீர்மானித்தேன். ஏ3 தாளை நெடுக்காகப் பிடித்தால் அகலம் 297 மில்லிமீற்றர், ஏழு நாளுக்குப் பிரித்தால் ஒரு கட்டம் 4 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடத்தான், அதற்குள் தேதி, திதி, நட்சத்திரம் எல்லாம் வர வேண்டும். தேதியைத் தடித்த எழுத்தில் பெரிதாக வைத்தேன். போயாவுக்கு மஞ்சள் வட்டத்தை விட்டுக் கட்டத்தையே நிறத்தால் நிரப்பினேன்.

சாவகச்சேரியில் இருந்து:
எங்களுடைய கதை படத்தால் வந்தது. அப்பாவின் அறுபதாம் கலியாணத்துக்குக் குடும்பப் படங்களோடு கலண்டர் செய்தோம். கனடாவில் இருக்கிற சித்தி படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினார், அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. ஏ3 தாளை நிறைக்க அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3508க்கு 4961 பிக்சல் வேண்டும். எங்களிடம் இருந்தது அதில் கால்பங்கும் இல்லை, முகங்கள் பஞ்சு போல வந்தன. இப்போது யாரிடம் கேட்டாலும் "டொக்கியூமெண்டாக அனுப்புங்கோ" என்றுதான் சொல்கிறேன். அப்புறம் நிறம். அம்மாவின் மயிற்கழுத்து நிறச் சேலை தாளில் சாம்பல் பூத்தது போல இருந்தது. திரை ஒளியால் காட்டுகிற நீலத்தையும் பச்சையையும் அச்சு மை நான்கும் சேர்ந்தாலும் அப்படியே தர முடியாது. கணினியிலேயே சிஎம்வைகேக்கு (அந்த நான்கு மைகளின் நிறமுறைக்கு) மாற்றிப் பார்த்தால் எவ்வளவு மங்கும் என்று முன்கூட்டியே ஓரளவு தெரியும்.

சுன்னாகத்தில் இருந்து:
பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறவர்கள் கவனியுங்கள். அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் போய், எங்கள் சனசமூக நிலையத்தின் பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் திறந்தது. நல்லகாலம், அச்சுத் தட்டுப் போட முதல் கண்டோம். யுனிகோடு என்றாலும் பழைய மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எழுத்தையெல்லாம் வடிவக் கோடுகளாக (outlines) மாற்றிக் கொடுத்தால் பயமில்லை, ஆனால் மாற்றிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது, திருத்தக்கூடிய பிரதி ஒன்றை வேறாக வைத்துக்கொள்ளுங்கள். திதி போடுவதென்றால் வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணித பஞ்சாங்கமா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், இரண்டிலும் நேரம் வேறுபடும். விரத நாள் பிழைத்தால் மன்னிக்க மாட்டார்கள், அவர்கள் கோபம் நியாயமானது.

மீண்டும் நான், திருநெல்வேலி:
ஓரத்தை வெட்டுவதற்காகப் படத்தை நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் கூடுதலாக விடவேண்டும் என்பதையும், மேலே கம்பிச் சுருள் துளைக்கிற இடத்தில் எழுத்து வைக்கக்கூடாது என்பதையும் சொல்ல மறந்துவிட்டேன். கடைசியாகச் செய்தது இதுதான்: ஒரு மாதத்தை மட்டும் உண்மையான அளவில், மினுக்கமில்லாத தாளில் அடித்து, அம்மம்மாவின் கதிரைக்கு எதிரே சுவரில் ஒட்டினேன். அவர் இருந்த இடத்திலிருந்தே போயாவைச் சொன்னார். அடுத்த நாள் காலையில்தான் 300க்கும் அச்சகத்தில் சரி என்று சொன்னேன்.