டிடிஎஃப் மெஷினில் வெள்ளை மட்டும் தினமும் கோடு விழுது, ஹெட் மாத்தித்தான் ஆகணுமா?

பனியன்சிட்டி:
வணக்கம்ங்க. திருப்பூர்ல சின்னதா ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்கேன். 60 செ.மீ. டிடிஎஃப் மெஷின் (டிசைனை ஃபிலிம்ல அடிச்சு, பசைப் பவுடர் தூவி, துணியில பிரஸ் பண்றது), மையைத் துளியா விடுற 3200 ஹெட் ரெண்டு. ஒண்ணு கலர், இன்னொண்ணு முழுக்க வெள்ளை. கலர்ல ஒரு தொந்தரவும் இல்லை, வெள்ளைதான் உயிரை எடுக்குது. ராத்திரி நல்லா ஓட்டிட்டு நிறுத்துவேன். காலையில நாசில் செக் (ஹெட்ல எல்லா ஓட்டையும் மை விடுதான்னு பாக்கிற கோடு) போட்டா பாதி கோடு காணோம். ரெண்டு மூணு கிளீனிங் போட்டா வந்துரும். அரை மீட்டர் ஃபிலிம் ஓடறதுக்குள்ள மறுபடி விட்டுப்போகும். கருப்பு டீ-ஷர்ட்ல பிரஸ் பண்ணினா டிசைனுக்கு நடுவுல துணி நிறம் வரி வரியாத் தெரியுது. பார்ட்டி அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க.

மெஷின் குடுத்தவங்களுக்குப் போன் பண்ணினா, நேர்ல வந்து பாக்காமயே "ஹெட் போச்சு, புதுசு போடுங்க"ங்கிறாங்க. டேங்க்ல கலக்கி ஓடிட்டுத்தான் இருக்கு, சர்க்குலேஷன் பம்ப்பும் ஓடுது. அப்புறம் எப்படி அடைக்கும்? ஹெட்டுக்கு உள்ளயே இங்க் சுத்துற மாடல் வந்திருக்குன்னு வேற சொல்றாங்க. கடன் வாங்கியாவது அதுக்கு மாறிடலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கரூர்காரன்:
ஹெட்டைக் கழட்டி சுடுதண்ணியில ஊறவெச்சு, சிரிஞ்சுல அழுத்தி அடிங்க. எங்க யூனிட்ல அப்படித்தான் பண்ணுவோம்.

ஹெட்சர்வீஸ்:
தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. இந்த ஹெட்ல மையைத் தள்ளுற பீசோ படலம் ஒரு மைக்ரான் கனம்தான். சிரிஞ்சுல அழுத்தினா அடைப்பு போறதுக்கு முன்னாடி அது போயிரும். ஊறவைக்கும்போது கேபிள் சொருகுற இடத்துல ஒரு சொட்டு ஏறிட்டாலும் போச்சு. காயறதுக்குள்ள ஆன் பண்ணினா ஹெட்டோட சேர்ந்து போர்டும் எரியும். வாரத்துக்கு ஒண்ணாவது இப்படி என் டேபிளுக்கு வருது.

பனியன்சிட்டி, நீங்க சொல்லுங்க. காணாமப் போற நாசில் தினமும் அதே இடமா, இடம் மாறுதா? ஓட ஓட விட்டுப்போறது ஒரு ஓரத்துல ஆரம்பிச்சுப் பரவுதா? டேம்பர்ல, அதான் ஹெட்டுக்கு முன்னாடி இருக்கிற சின்ன மை டப்பாவுல, காத்துக் குமிழி தெரியுதா? பவுடர் தூவுற ஷேக்கர், பிரிண்டருக்கு எவ்வளவு பக்கத்துல இருக்கு?

பனியன்சிட்டி:
இடம் மாறுதுங்ணா. நேத்து இடது பக்கம் போச்சு, இன்னைக்கு நடுவுல. ஓட ஓட ஒரு ஓரத்துல இருந்துதான் மெலிஞ்சுட்டே வருது. டேம்பர்ல பாதிக்கு மேல காத்துதான். ஷேக்கர் மெஷினை ஒட்டியே நிக்குது, ரூம் சின்னது. ஏசி பகல் பூரா ஓடும்.

ஹெட்சர்வீஸ்:
அப்ப உங்க ஹெட் சாகலை. கரன்ட் கோளாறால செத்துப்போன நாசில் இடம் மாறாது, கிளீனிங்குக்கும் திரும்பி வராது. கிளீனிங் போட்டா வந்து, ஓடும்போது ஓரத்துல இருந்து போகுதுன்னா மை போதலை, இல்லேன்னா எங்கேயோ காத்து இழுக்குது. உங்களுக்கு ரெண்டுமே இருக்கும் போல.

முதல்ல கேப்பைப் பாருங்க, அதான் நிறுத்தும்போது ஹெட்டை மூடுற ரப்பர் விளிம்பு வெச்ச மூடி. ஹெட்டை நகத்திட்டு, வெள்ளைப் பக்கத்து கேப்ல கிளீனிங் லிக்விடை விளிம்பு வரைக்கும் ஊத்துங்க. பம்ப்பை ஓட்டாதீங்க. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாக்கும்போது அளவு இறங்கியிருந்தா அடியில டியூப்போ பம்ப்போ பிடிக்கலைன்னு அர்த்தம். அப்புறம் டார்ச் அடிச்சு ரப்பர் விளிம்பைப் பாருங்க. நம்ம ஊர்ல ஓடுற மீடியம் பவுடர் 80-லிருந்து 170 மைக்ரான். நாசில் ஓட்டை 20 மைக்ரான் சொச்சம். அதனால பவுடர் நாசிலுக்குள்ள போய் அடைக்காது. ஆனா ரப்பர்ல நாலு பவுடர் துகள் உக்காந்தாலே கேப் ஹெட்டோட ஒட்டாம வாயைத் திறந்தே வெச்சிருக்கும். ராத்திரி பூரா அந்தச் சந்துல நாசில் காயும். ஏசி ரூம்ல இன்னும் வேகமாக் காயும். 30 ரூபா பவுடர் தூசிக்கு ஒரு ஹெட் விலை கேட்டிருக்காங்க உங்ககிட்ட.

இனி சர்க்குலேஷன். வெள்ளை மையில இருக்கிறது டைட்டானியம் டை ஆக்சைடு. தண்ணியை விட நாலு மடங்கு அடர்த்தி. வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு வாளி மாதிரி, விட்டா அடியில உக்காந்துரும். கலர் மைத் துகளுக்கு அந்த எடை கிடையாது, அதான் உங்க கலர் ஹெட் ஜோரா ஓடுது. நம்ம ரேட்ல வர்ற மெஷின்கள்ல பம்ப் மையை டேங்க்ல இருந்து டேம்பர் பக்கம் வரைக்கும் கொண்டுவந்து திருப்பி அனுப்பிடும். டேம்பருக்கும் நாசிலுக்கும் நடுவுல இருக்கிற மை அசையாம நிக்கும். டேங்க்ல விடிய விடியக் கலக்கினாலும் அந்த மையை அது தொடாது. டேம்பர் ஃபில்டர்லயும் இந்த வெள்ளைதான் படியுது. மெலிஞ்சுட்டே வர்றதுக்கு அதுதான் காரணம்னு நினைக்கிறேன். டேம்பரை மாத்துங்க, காசு கம்மிதான்.

கோடிங்மாமா:
நான் பிஸ்கட், எண்ணெய் பாக்கெட்ல தேதி அடிக்கிற மெஷின் சர்வீஸ்ல ரொம்ப வருஷம் இருந்தவன். இந்த "நின்னா காயும்" தொல்லை இங்க்ஜெட் கூடவே பிறந்தது தம்பி.

எங்க மெஷின்ல மை நிக்கவே நிக்காது. ஒரே நாசில், நொடிக்குப் பல்லாயிரம் துளி. வேணுங்கிற துளிக்கு மட்டும் மின்னேற்றம் குடுத்துத் திருப்பி பாக்கெட்ல விழ வைக்கும். மீதி எல்லாம் எதிர்ல இருக்கிற வடிகுழாய்ல விழுந்து டேங்க்குக்கே போயிரும். 1960-கள்ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல ரிச்சர்டு ஸ்வீட் செஞ்ச வேலை அது. ஓடிட்டே இருக்கிற வரைக்கும் காயற பேச்சே இல்லை. நிறுத்தும்போது கழுவிட்டு நிறுத்தும். ஆனா ஒரு நாசிலை வெச்சு எழுத்து அடிக்கலாம், போட்டோ அடிக்க முடியாது.

படம் அடிக்கணும்னா நிறைய நாசில் வேணும், தேவைப்படும்போது மட்டும் துளி விடணும். தொல்லை அங்கதான் ஆரம்பம். கேனான்ல 1977-ல இச்சிரோ எண்டோ வேலை செஞ்சிட்டிருந்தப்ப, சூடான சால்டரிங் அயர்ன் மை நிரப்பின சிரிஞ்ச் ஊசியில பட்டு மை தெறிச்சுது. அதுல இருந்து வந்ததுதான் பபுள் ஜெட். எச்பிக்காரங்களும் தனியா இதே வழிக்கு வந்து 1984-ல திங்க்ஜெட் விட்டாங்க. அதுல கெட்டிக்காரத்தனம் என்னன்னா மையும் ஹெட்டும் ஒரே டப்பா. மை தீந்தா ஹெட்டையும் சேத்துத் தூக்கிப் போடலாம். அடைப்பு பெரிய விஷயமே இல்லாமப் போச்சு. நம்ம வெள்ளைக்கு அந்த வழி ஆகாது. மையைச் சூட்டுல கொதிக்க வெச்சுத் துளி விடுற ஹெட் அது, சூடாகிற இடத்துல மை கருகிப் படியும். சூடே பண்ணாம அமுக்கித் தள்ளுற பீசோதான் இதுக்குத் தோது. ஆனா பீசோ விலை ஜாஸ்தி, தூக்கிப் போட முடியாது. அதனாலதான் கேப், வைப்பர், பம்ப்னு இத்தனை பரிவாரம்.

பனியன்சிட்டி:
மாமா, அப்ப உள்ளயே சுத்துற ஹெட்?

கோடிங்மாமா:
பொய் இல்லை தம்பி, நிஜமாவே நல்ல கண்டுபிடிப்பு. இங்கிலாந்துல ஸார் (Xaar)ங்கிற கம்பெனி 2007-ல 1001-னு ஒரு ஹெட் விட்டாங்க. நாசிலுக்குப் பின்னாடியே மை ஓடிட்டு இருக்கும். காத்துக் குமிழியோ கட்டியோ வந்தா ஓட்டத்துல அடிச்சுட்டுப் போயிரும். செராமிக் டைல்ஸ் டிசைன் இங்க்ஜெட்டுக்கு மாறினதுல அந்த ஹெட்டுக்குப் பெரிய பங்கு. டைல்ஸ் மை உங்க வெள்ளையை விட முரட்டு மை. அதையே ஓட்டுச்சு.

ஹெட்சர்வீஸ்:
மாமா சொன்னது சரி. ஆனா அந்த ரக ஹெட்டுக்கு அழுத்தத்தை நுணுக்கமாப் பாத்துக்கிற தனி இங்க் சிஸ்டம் வேணும். ஹெட்டை மட்டும் வாங்கி உங்க மெஷின்ல மாட்ட முடியாது. மெஷினே மாறணும். உங்க ஆர்டர் அளவுக்கு இப்ப அது வேண்டாம்னுதான் சொல்லுவேன். கேப் சரியில்லேன்னா அந்த மெஷின்லயும் நாசில் முகம் காயத்தான் செய்யும்.

மெஷ்77:
உக்காராத வெள்ளை மையே இல்லையாங்க?

ஹெட்சர்வீஸ்:
இருக்கு. எப்சன் 2010 வாக்குல பேக்கேஜிங் புரூஃபுக்காக (மாதிரி அச்சு) டபிள்யூடி7900-னு ஒரு பிரிண்டர் விட்டாங்க. அதுல டைட்டானியத்துக்குப் பதிலா உள்ள காலியான கூடு மாதிரி ரெசின் துகள். காஞ்சதும் கூட்டுக்குள்ள காத்து நின்னு, வெளிச்சத்தைச் சிதறடிச்சு வெள்ளையாத் தெரியும். எடை கம்மி, லேசுல படியாது. ஆனா கருப்பு பனியனை மறைக்கிற அழுத்தம் டைட்டானியத்துக்குத்தான். அதனால நம்ம தொழில்ல இதைக் கட்டித்தான் மாரடிக்கணும்.

பனியன்சிட்டி:
பாத்துட்டேன்ங்ணா. வெள்ளைப் பக்கத்து கேப்ல ஊத்தினது அப்படியே இறங்கிப் போச்சு. விளிம்புல பவுடர் மையோட சேர்ந்து தோலு மாதிரி காஞ்சு கிடந்தது, நகத்துல எடுத்தா உரிஞ்சு வருது. கேப், அடி டியூப், டேம்பர் எல்லாம் புதுசு போட்டாச்சு. ஷேக்கருக்கும் மெஷினுக்கும் நடுவுல அக்ரிலிக் தடுப்பு வெச்சேன். இப்ப காலையில ஒரே கிளீனிங், அரை ரோல் ஓடியும் கோடு இல்லை. ஆனா ஒரே இடத்துல நாலஞ்சு நாசில் மட்டும் வரவே மாட்டேங்குது.

ஹெட்சர்வீஸ்:
அது முன்னாடியே காஞ்சு இறுகின மையா இருக்கும். ராத்திரி கேப்ல கிளீனிங் லிக்விட் ஊத்தி அதுமேல ஹெட்டை உக்கார வைங்க. ரெண்டு மூணு ராத்திரி பாருங்க. வந்தா சரி, வரலேன்னா அந்த நாசிலை மறந்துருங்க. 6 பாஸ்ல (ஒரே இடத்தை ஹெட் ஆறு தரம் கடந்து) அடிக்கிறதை 8 பாஸ் ஆக்குங்க. ஒரே வரியை வேற வேற நாசில் மாத்தி மாத்தி அடிக்கிறதால அந்த ஓட்டை துணியில தெரியாது. வேகம் குறையும், அவ்வளவுதான். வேலை நடுவுல நிக்கும்போது ஃபிளாஷ் (நாசில் காயாம அப்பப்ப கொஞ்சம் மை துப்புறது) ஆன்ல இருக்கட்டும். ரூம் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழ போகவிடாதீங்க, ஏசியை ரொம்ப இறக்காதீங்க.

மெஷ்77:
தீபாவளிக்கு ஊரே ஒரு வாரம் மூடிடும். அப்ப வெள்ளையை என்ன பண்றது?

ஹெட்சர்வீஸ்:
லைன்ல இருக்கிற வெள்ளையை முழுசா வடிச்சுட்டு, கிளீனிங் லிக்விட் ஏத்தி நாசில் வழியா தெளிவா வர்ற வரைக்கும் இழுங்க. கேப்லயும் ஊத்தி ஹெட்டைப் பார்க் பண்ணிட்டுப் போங்க. வந்ததும் டப்பாவை நல்லா குலுக்கிட்டு மை ஏத்துங்க. டேங்க் அடியில கட்டி படிஞ்சிருந்தா அதைக் கலக்கி ஓட்டலாம்னு பாக்காதீங்க, கீழ கொட்டிருங்க.